பிள்ளையின் எலும்பில் புடைப்பு தட்டுப்பட்டால்: முதன்முறை பார்க்கும் பெற்றோருக்கு

என் மகனுக்கு அப்போது 11 வயது. ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது இடது தொடையின் உள்பக்கத்தில், முட்டிக்கு நாலு விரல் மேலே, நெல்லிக்காய் அளவில் கல் மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லம்மா, அது ரொம்ப நாளா இருக்கு" என்றான். அன்று இரவு முழுக்கத் தூங்காமல் அவன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இரவில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஏழு வருடம் ஒரு பிள்ளையோடு எலும்பு டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்த அம்மா. மருந்து, ஆபரேஷன் முடிவுகளை டாக்டர்தான் எடுக்க வேண்டும். அவரிடம் எதைக் கொண்டுபோவது, வீட்டில் எதைப் பார்ப்பது என்பது நம் பொறுப்பு.

அது என்னவாக இருக்கலாம்

வளரும் வயதில் எலும்பில் வரும் புற்றல்லாத கட்டிகளில் அதிகம் காணப்படுவது ஆஸ்டியோகாண்ட்ரோமா. எக்ஸாஸ்டோசிஸ் என்றும் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். பிள்ளைகளின் கை கால் எலும்புகள் நீளமாவது அவற்றின் முனைக்கு அருகில் இருக்கும் வளர்ச்சித் தட்டில். குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு அது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிசகிப் பக்கவாட்டில் வளர ஆரம்பித்தால், எலும்பின் மேல் காளான் முளைத்த மாதிரி ஒரு புடைப்பு உண்டாகிறது. உள்ளே எலும்பு, மேலே குருத்தெலும்புத் தொப்பி. சிலருக்குத் தண்டோடு நீண்டிருக்கும், சிலருக்கு அகன்ற மேடாக இருக்கும். முட்டியைச் சுற்றியும், தோளுக்குச் சற்றுக் கீழே புஜத்திலும்தான் அதிகம் வரும். தண்டு உள்ளது பெரும்பாலும் மூட்டை விட்டு விலகிய திசையில் நீளும்.

விழுந்ததாலோ அடிபட்டதாலோ இது வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவும்போது ஏற்கெனவே இருப்பது கையில் சிக்குகிறது, அவ்வளவே. நாம் கொடுத்த சாப்பாட்டாலும் வருவதில்லை. பிள்ளை வளரும்வரை இதுவும் வளரும். வளர்ச்சித் தட்டுகள் மூடும்போது, பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 14, 15 வயதிலும் பையன்களுக்கு 16, 17 வயதிலும், இதுவும் நின்றுவிடும். ஒரே ஒரு புடைப்பு இருப்பவர்களில் அது பிற்காலத்தில் புற்றாக மாறுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

முதல் வாரம்

முதலில், அதைத் தேய்க்காதீர்கள். எங்கள் வீட்டில் அத்தை நல்ல மனதோடுதான் சொன்னார், "நரம்பு புரண்டிருக்கும், சுளுக்கு வழிக்கிறவர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று. நானும் கூட்டிப்போனேன். மூன்று வாரம் எண்ணெய் போட்டு நீவினார்கள், பற்றுப் போட்டார்கள். பிள்ளை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எலும்போடு எலும்பாக ஒட்டியிருப்பதை நீவிக் கரைக்க முடியாது. அழுத்தினால் சுற்றியுள்ள சதை வீங்கும், தண்டுள்ளதாக இருந்தால் முறியக்கூட வாய்ப்புண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, அது வேறு நோயாக இருந்துவிட்டால் அந்த மூன்று வாரம் நமக்குத் திரும்பக் கிடைக்காது. அந்த மூன்று வாரத்துக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

இரண்டாவது, ஒரு நோட்டு எடுங்கள். தேதி போட்டு எழுதுங்கள்: எந்தப் பக்கம், முட்டியிலிருந்து எத்தனை விரல் தள்ளி, அமுக்கினால் வலியா, தோல் அதன்மேல் நகர்கிறதா, சூடாக இருக்கிறதா. தையல் டேப் கொண்டு அந்த இடத்தின் சுற்றளவையும், மறு காலில் அதே இடத்தின் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து இரண்டு காலும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உடம்பு முழுவதும் ஒருமுறை தடவிப் பாருங்கள். இரண்டு முட்டி, கணுக்கால், மணிக்கட்டு, தோள், விலா எலும்பு, முதுகில் தோள்பட்டை எலும்பு. இன்னொன்று தட்டுப்பட்டால் விஷயம் கொஞ்சம் வேறு. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

எலும்பிலிருந்து ஆரம்பிக்கும் புற்றுகளில் ஆஸ்டியோசார்கோமா என்று ஒன்று உண்டு. அபூர்வம்தான். ஆனால் அதுவும் இதே வயதில், இதே முட்டியைச் சுற்றித்தான் அதிகம் வருகிறது. கையால் தடவி இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் வலியே இல்லாவிட்டாலும், எலும்பு மாதிரி கெட்டியாக எது தட்டுப்பட்டாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். வலியில்லாத புடைப்புக்கு ஒன்றிரண்டு வாரத்துக்குள் போனால் போதும்.

கீழே சொல்பவை இருந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் போய்விடுங்கள். சும்மா படுத்திருக்கும்போதும் வலி, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, வாரத்துக்கு வாரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிதாவது, மேல்தோல் சூடாகவும் மினுமினுப்பாகவும் ஆவது, காரணமில்லாமல் நொண்டுவது, காய்ச்சல், எடை குறைவது. பெரியவர்கள் "வளர்ற புள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்" என்பார்கள். வளர்ச்சி வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் மாறி மாறி வரும், காலையில் எழுந்தால் போயிருக்கும். ஒரே இடத்தில், நாளுக்கு நாள் கூடுகிற வலியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நரம்போ ரத்தக்குழாயோ நசுங்கினால் அன்றே போக வேண்டும். முட்டிக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் கீழே ஒரு முக்கியமான நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது. அங்கே புடைப்பு இருந்தால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும், பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். நடக்கும்போது செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழுவதுதான் வீட்டில் முதலில் கண்ணில் படும் அறிகுறி. முட்டிக்குப் பின்குழியில் திடீரென்று வீங்கித் துடித்தால், கால் வெளுத்துச் சில்லிட்டால், அது ரத்தக்குழாய். முதுகில் புடைப்பு உள்ள பிள்ளைக்குக் கால் தளர்ந்தாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அதுவும் அவசரம்.

டாக்டரிடம் போகும் நாள்

போக வேண்டியது எலும்பு மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவு ஓ.பி.யிலேயே இதைப் பார்ப்பார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். எந்தச் சிகிச்சை அதில் சேரும் என்பதை அங்கிருக்கும் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. நோட்டும் போட்டோவும் கையில் இருக்கட்டும். முட்டிக்கு மேலே சுருட்டிவிட முடிகிற தளர்வான கால்சட்டை போட்டுவிடுங்கள். ஜீன்ஸ் போட்டுப் போய், அத்தனை பேர் இருக்கும் அறையில் என் பையன் கூசி நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எக்ஸ்ரே நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு எடுப்பார்கள். எலும்பின் வெளி ஓடும் உள்ளிருக்கும் மஜ்ஜைப் பகுதியும் இடைவெளி இல்லாமல் அப்படியே புடைப்புக்குள் தொடர்ந்து போவதுதான் ஆஸ்டியோகாண்ட்ரோமாவின் அடையாளம். அது தெளிவாகத் தெரிந்தால் வேறு சோதனையே வேண்டியிருக்காது. கையில் பெரிதாகத் தட்டுப்படுவது படத்தில் சிறிதாக இருக்கிறதே என்று குழம்பாதீர்கள். குருத்தெலும்புத் தொப்பி எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது.

வலி இருந்தால், நரம்பு சம்பந்தப்பட்டிருந்தால், இடுப்பு, முதுகெலும்பு போன்ற ஆழமான இடமாக இருந்தால், தொப்பியின் தடிமனைப் பார்க்க வேண்டியிருந்தால் எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். பார்த்ததுமே எம்.ஆர்.ஐ. எழுதினால், "இதில் புதிதாக எதைத் தேடுகிறோம், டாக்டர்?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தெளிவான ஆஸ்டியோகாண்ட்ரோமாவுக்கு அது தேவையில்லை. சந்தேகம் வந்து எடுக்க வேண்டியிருந்தால், பின்னால் ஆபரேஷன் செய்யப்போகிற அதே குழுவிடம், எலும்புப் புற்றுக்குச் சிகிச்சை தரும் இடத்தில் எடுக்க வேண்டும். ஊசி போன பாதையையும் சேர்த்து அகற்ற வேண்டி வரும் என்பதால், எந்தப் பக்கமிருந்து குத்துவது என்பதே அவர்கள் முடிவு செய்ய வேண்டியது. அருகில் இருக்கிறது என்பதற்காக எங்கோ எடுத்துவிட்டு வராதீர்கள்.

வெளியே வருமுன் கேட்க வேண்டியவை மூன்று: இது வளர்ச்சித் தட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? அடுத்து எப்போது வர வேண்டும்? இடையில் எதைப் பார்த்தால் உடனே ஓடி வர வேண்டும்? பதிலை அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே பிலிமையோ சி.டி.யையோ வாங்காமல் வராதீர்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த வருடம் யாராலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

ரிப்போர்ட்டில் வேறு பெயர் இருந்தால்

'நான்-ஆசிஃபையிங் ஃபைப்ரோமா' (non-ossifying fibroma) என்றிருந்தால், வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரிந்ததாகத்தான் இருக்கும். பெரும்பாலும் தானே மறைந்துவிடும். எலும்புக்குள் நீர் கோர்த்த எலும்புச் சிஸ்ட் என்றால் எலும்பு மெலிந்து லேசான விழுதலில் முறியலாம். விளையாட்டைப் பற்றி டாக்டரிடம் தெளிவாகக் கேளுங்கள். ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா அளவில் மிகச் சிறியது, ஆனால் ராத்திரி வலி கடுமையாக இருக்கும், வலி மாத்திரை போட்டால் சட்டென்று அடங்கும். இதற்கு இப்போது சி.டி. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக வெப்பம் கொடுத்துச் சுட்டுவிடும் சிகிச்சை இருக்கிறது. வலிக்கு ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்; மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் சிண்ட்ரோம் என்ற ஆபத்து உண்டு.

ஓடியாடும் பிள்ளைக்கு முட்டிச்சில்லுக்கு நேர் கீழே, முன்பக்கம், வலியோடு ஒரு மேடு வந்தால் அது பெரும்பாலும் ஆஸ்குட் ஷ்லாட்டர், கட்டியே இல்லை. கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கெட்டியாக ஏதோ நகத்தைத் தூக்கினால் நகச்சுத்தி என்று மாதக்கணக்கில் மருந்து போடாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அங்கேயும் எலும்பு முளைப்பது உண்டு.

காத்திருக்கும் வருடங்கள்

"ஒன்றும் செய்ய வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம்" என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகையும் கோபமும் வந்தன. ஒன்றும் செய்யாமல் அனுப்புகிறாரே என்று தோன்றியது. பார்த்துக்கொள்வதே சிகிச்சை என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. பிள்ளைக்குத் தொந்தரவு இல்லாத புடைப்பை எடுக்கப் போனால், பக்கத்தில் இருக்கும் வளர்ச்சித் தட்டு கெட்டுக் கால் வளர்ச்சியே கோணலாகலாம். சின்ன வயதில் எடுத்தால் திரும்ப முளைக்கும் வாய்ப்பும் அதிகம்.

பெரும்பாலும் 6 மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை வரச் சொல்வார்கள். இடையில் மாதம் ஒரு நாள் வீட்டில் பாருங்கள். நான் அமாவாசையை வைத்துக்கொண்டேன், மறக்காமல் இருக்க. சுற்றளவு, உயரம், பிறகு சில அசைவுகள். கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டி உள்ளங்கை முழுவதும் மேலே பார்க்கத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு கை திரும்பாமல் பாதியில் நின்றால் முன்கை எலும்பைப் பார்க்க வேண்டும். பந்தியில் உட்காருகிற மாதிரி சம்மணம் போடச் சொல்லுங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். சுவரோரம் நிற்கவைத்து இரண்டு முட்டிகளும் சேரும்போது கணுக்கால்களுக்கு நடுவில் எத்தனை விரல் இடைவெளி என்று பாருங்கள். இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் பார்க்கிற டாக்டருக்கு இந்த நோட்டு கொடுக்கிற தகவல் வேறெங்கும் கிடைக்காது. எங்கள் டாக்டர் என்னைப் பார்த்ததும் முதலில் கையை நீட்டுவது நோட்டுக்குத்தான்.

விளையாட விடுங்கள். புடைப்பில் நேரடியாக அடிபடும் ஆட்டங்களுக்கு மட்டும், கபடி மாதிரி, டாக்டரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கிரிக்கெட்டுக்கு நாங்கள் முட்டிக் கவசம் வாங்கிக் கொடுத்தோம். தோளில் புடைப்பு என்றால் பள்ளிப் பையின் பட்டை உரசும். மறு தோளுக்கு மாற்றினால் போதாது, பட்டைக்கடியில் தடிமனான துணி வைத்துத் தையுங்கள். மேலே உரசிக்கொண்டே இருந்தால் நீர்ப்பை மாதிரி ஒன்று உருவாகி மெத்தென்று வீங்கும். அதைப் பார்த்து "கட்டி பெரிதாகிவிட்டது" என்று பயந்துபோவோம். அது என்னவென்று டாக்டரே சொல்லட்டும், ஆனால் காட்டுங்கள்.

பாலை நிறுத்தாதீர்கள். கால்சியம் உடம்புக்குள் போனால் புடைப்பு வளரும் என்று எங்கள் தெருவில் மூன்று பேர் சொன்னார்கள். புடைப்பு வளர்வது வளர்ச்சித் தட்டோடு சேர்ந்து. பால், முட்டை, கேழ்வரகு அதற்குத் தீனி போடுவதில்லை. நிறுத்தினால் மற்ற எலும்புகள்தான் பலவீனமாகும்.

பிள்ளையிடம் பெயரைச் சொல்லுங்கள். நாங்கள் அவன் எதிரில் கிசுகிசுத்துப் பேசியதில், தனக்குக் கேன்சர் என்று அவன் நான்கு மாதம் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு டாக்டர்தான் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, "தம்பி, இது உன் எலும்பு பக்கத்தில் போட்ட ஒரு சின்னக் கிளை" என்று அவனுக்கே விளக்கினார். அன்றைக்குத்தான் அவன் முகம் தெளிந்தது.

ஒன்றுக்கு மேல் இருந்தால்

இரண்டு மூன்று இடங்களில் இருந்தால் பரம்பரையாக வரும் வகையா என்று பார்ப்பார்கள். இ.எக்ஸ்.டி.1, இ.எக்ஸ்.டி.2 என்ற மரபணுக்களில் ஏற்படும் மாற்றம் இதற்குக் காரணம் என்பது 1990களில் தெரியவந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண் குழந்தைக்கும் ஆண் குழந்தைக்கும் இதில் வித்தியாசமில்லை. வீட்டில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் வரலாம். அதனால் யார் வழியில் வந்தது என்று மாமியார் வீடும் அம்மா வீடும் வழக்குப் பேசுவதில் ஒரு பயனும் இல்லை. அந்த நேரத்தில் கூடப்பிறந்த பிள்ளைகளின் முட்டியையும் மணிக்கட்டையும் தடவிப் பாருங்கள்.

இந்த வகையில் புடைப்பைவிட எலும்பின் வளைவுதான் அதிகம் தொல்லை தரும். முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று குட்டையாகி மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாயும். முட்டி உள்நோக்கித் தட்டும், கணுக்கால் சாயும், ஒரு கால் நீளம் குறையும், உயரமும் கொஞ்சம் குறையலாம். வளர்ச்சி மிச்சமிருக்கும்போதே கண்டுபிடித்தால், வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சிறிய தகடு வைத்துத் தற்காலிகமாக அடக்கி, மறு பக்கத்தை வளரவிட்டுக் காலை நேராக்க முடியும். வளர்ந்து முடிந்த பிறகு என்றால் எலும்பை வெட்டித்தான் நேராக்க வேண்டும். பரம்பரை வகையில் புற்றாகும் வாய்ப்பும் சற்று அதிகம், நூற்றில் ஒன்று முதல் ஐந்து பேர் வரை என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஆண்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆபரேஷன் என்று முடிவானால்

என் மகனுக்கு 15 வயதில் சைக்கிள் மிதிக்கும்போது தசைநார் புடைப்பின் மேல் ஏறி இறங்கி டக் டக்கென்று சத்தம் வந்தது, கூடவே வலியும். வளர்ச்சி முடியும் தறுவாய்வரை பொறுத்து 16 வயதில் எடுத்தார்கள். தொடர்ந்த வலி, நரம்பு அல்லது ரத்தக்குழாய் நசுங்குவது, மூட்டு அசைவு குறைவது, எலும்பு வளைவது, சந்தேகமான வளர்ச்சி ஆகியவைதான் எடுப்பதற்கான காரணங்கள். பார்க்க நன்றாக இல்லை என்று பிள்ளை உண்மையிலேயே மனம் நொந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லலாம். தழும்பு விழும் என்பதையும் சேர்த்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

அடியோடு, குருத்தெலும்புத் தொப்பியையும் அதன் மேலுறையையும் சேர்த்து முழுசாக எடுக்க வேண்டும். மிச்சம் வைத்தால் திரும்ப முளைக்கலாம். எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட் வர நாளாகும், வாங்க மறந்துவிடாதீர்கள். தையல் பிரித்தவுடன் பிள்ளை ஓடத் துடிப்பான். ஆனால் வெட்டிய இடத்தில் எலும்பு கொஞ்ச காலம் பலவீனமாக இருக்கும், ஓட்டமும் குதிப்பும் டாக்டர் சரி சொன்ன பிறகுதான். பிசியோதெரபியில் சொல்லித்தரும் தொடைப் பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள். எங்களுக்குப் பழைய மாதிரி சம்மணம் போட ஆறு வாரம் ஆனது. காயம் சிவந்தாலோ சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ, பாதம் மரத்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ குறித்த நாள் வரை காத்திருக்காமல் போய்விடுங்கள்.

18 வயதில்

புடைப்பை எடுக்காமல் விட்டவர்களுக்கும், பல புடைப்புகள் உள்ளவர்களுக்கும் இது மிக முக்கியம். வளர்ச்சி நின்ற பிறகு ஒரு புடைப்பு மறுபடி வளர ஆரம்பித்தால், புதிதாக வலித்தால், அதை உடனே காட்ட வேண்டும். பெரியவர்களுக்குக் குருத்தெலும்புத் தொப்பி 2 செ.மீ.க்கு மேல் தடித்திருந்தால் டாக்டர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அந்த வயதில் பிள்ளை நம்மோடு இருக்கமாட்டான், ஹாஸ்டலிலோ வேலைக்குப் போன ஊரிலோ இருப்பான். எண்ணெய் தேய்த்துவிட்டுத் தடவிப் பார்க்க நாம் பக்கத்தில் இல்லை. அதனால் சொந்தமாகத் தடவிப் பார்க்கவும் அளக்கவும் அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். போன ஜூனில் என் மகன் கல்லூரிக்குக் கிளம்பியபோது முதல் எக்ஸ்ரேயிலிருந்து பரிசோதனை ரிப்போர்ட் வரை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கி, மேலே அந்த நோட்டையும் டேப்பையும் வைத்து அவன் பெட்டியில் போட்டேன். வேட்டிக்கு அடியில் போட்டுவிடாதே, மேலேயே இருக்கட்டும் என்றான்.